கம்பளத்தின் பின்பக்கம்

(திருவண்ணாமலையில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கைவினையும் வகுப்பறையும்' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் கைவினைக்குப் பஞ்சமில்லை. ஆரணியில் பட்டு இருக்கிறது, வந்தவாசியில் கோரைப்பாய் இருக்கிறது. ஆனாலும் நான் பாரசீகக் கம்பளத்திலிருந்து தொடங்கப் போகிறேன். எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். பக்கத்தில் இருப்பதை நாம் தினமும் பார்ப்பதால் அது கண்ணில் படுவதில்லை. தொலைவில் உள்ள ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நம் வீட்டுத் தறியும் புதிதாகத் தெரியும்.

உண்மையில் அது அவ்வளவு தொலைவும் இல்லை. இங்கே செங்கம் சாலையில், ரமணாசிரமம் இருக்கும் பக்கத்தில் காஷ்மீர்க் கைவினைக் கடைகள் உள்ளன. பாரசீகத்திலிருந்து வந்த கலையைக் காஷ்மீரிகள் தமதாக்கிக்கொண்டு நெய்த கம்பளங்கள் அங்கே விற்கின்றன. கடைக்காரர் ஒன்றை விரித்தால் நமக்குப் பூவும் கொடியும் தெரியும். கம்பளம் அறிந்தவர்கள் ஓர் ஓரத்தைப் பிடித்துப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். முடிச்சுகள் அங்கேதான் தெளிவாகத் தெரியும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணினால் அதன் நெருக்கமும் உழைப்பும் தெரிந்துவிடும். இன்று நான் உங்களோடு அந்தப் பின்பக்கத்தைத்தான் பார்க்கப் போகிறேன்.

பனிக்குள் இருந்த கம்பளம்

முதலில் ஒரு கம்பளம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். தறியில் பாவு நூல் கட்டியிருக்கும். இரண்டு பாவு நூல்களைச் சுற்றி ஒரு சிறு கம்பளி இழையை முடிந்து, கத்தியால் அறுக்க வேண்டும். அடுத்த இரண்டு நூலில் அடுத்த முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலை ஓட்டி, சீப்பு போன்ற கருவியால் அடித்து இறுக்க வேண்டும். பிறகு அடுத்த வரிசை. அறுபட்ட இழைகளின் நுனிகள் நிமிர்ந்து நின்று மெத்தென்ற பரப்பாகின்றன. நம் பவானி ஜமக்காளத்தில் இந்த முடிச்சு கிடையாது. அது பாவும் ஊடையும் மட்டும் சேர்ந்த தட்டை நெசவு. அதனால்தான் அதை மடித்து அலமாரியில் வைக்கிறோம். கம்பளத்தைச் சுருட்டி வைக்கிறார்கள்.

இந்த முடிச்சுக் கலை எவ்வளவு பழையது? சைபீரியாவின் அல்தாய் மலையில் பாசிரிக் என்ற இடத்தில் ருதென்கோ என்ற ரஷ்யத் தொல்லியல் அறிஞர் பழைய கல்லறைகளைத் தோண்டினார். 1949இல் அவற்றுள் ஒன்றில் ஒரு கம்பளம் கிடைத்தது. கல்லறைக்குள் புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியானதால் அது மக்காமல் இருந்தது. சுமார் 2,400 ஆண்டுப் பழமை உடையது. நீளம் 2 மீட்டர், அகலம் 1.83 மீட்டர். ஓரத்தில் மான்களின் வரிசையும் குதிரை வீரர்களின் வரிசையும் உள்ளன. அதில் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் முடிச்சுகள். அதை நெய்தது எந்த மக்கள் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்று உறுதி. கிடைத்தவற்றில் மிகப் பழைய அந்த முழுக் கம்பளமே கைதேர்ந்தவர்களின் வேலை. அதற்கு முன்பே பல தலைமுறைகள் கற்றும் கற்பித்தும் வந்திருக்க வேண்டும்.

தோட்டத்தை விரித்தவர்கள்

பாரசீகக் கம்பளத்தில் ஏன் இத்தனை பூக்கள்? ஈரானின் பெரும்பகுதி வறண்ட பீடபூமி. அங்கே தண்ணீரும் நிழலும் உள்ள மதில் சூழ்ந்த தோட்டம் பெரிய செல்வம். சொர்க்கத்தைக் குறிக்கும் 'பாரடைஸ்' என்ற சொல்லே மதிலால் சூழப்பட்ட தோட்டத்தைக் குறித்த பழைய ஈரானியச் சொல்லிலிருந்து வந்தது. தோட்டத்தை நான்காகப் பிரித்து நடுவில் வாய்க்கால் ஓடவிடுவது அவர்கள் மரபு. அதையே சில கம்பளங்களிலும் நெய்தார்கள். குளிர்காலத்தில் வெளியே மரங்கள் மொட்டையாக நிற்க, வீட்டுக்குள் தரையில் வசந்தம் விரிந்திருக்கும். கோலம் போடும் நமக்கு இந்த ஆசை புரியும். தரை வெறுமையாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் இரண்டு மக்களுக்கும் பொது.

நிறத்தில் நமக்கும் பங்கு உண்டு. சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், மஞ்சளுக்கு மாதுளைத் தோல், நீலத்துக்கு அவுரி. அவுரிச் சாயம் பழங்காலம் தொட்டே இந்தியாவிலிருந்து மேற்கு நாடுகளுக்குப் போன சரக்கு. பழைய தென்னாற்காட்டுச் சீமையும் அவுரிக்குப் பேர்போனது. கைச்சாயத்தில் ஒரு தொட்டியின் நீலம் அடுத்த தொட்டியில் அப்படியே வராது. அதனால் ஒரே நிறம் கம்பளத்தில் மெல்ல மாறி மாறித் தெரியும். அதை 'அப்ரஷ்' என்கிறார்கள். வாங்குபவர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை, விரும்புகிறார்கள்.

உலகப் புகழ்பெற்ற கம்பளம் ஒன்றைச் சொல்கிறேன். அர்தபீல் கம்பளம். ஈரானை சஃபாவிய மன்னர் தாமாஸ்ப் ஆண்டபோது, 1539-40இல் முடிக்கப்பட்டது. அந்த ஆண்டும் மக்சூத் காஷானி என்ற பெயரும் அதிலேயே நெய்யப்பட்டுள்ளன. இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1893இல் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். நிறம் மங்காமல் இருக்க, அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே அதன் மீது விளக்குப் போடுகிறார்கள்.

கணக்கு ஆசிரியை என்பதால் எனக்கு அதில் கணக்குதான் தெரிகிறது. நடுவில் பெரிய பதக்க வடிவம் ஒன்று. அதைச் சுற்றி 16 முட்டை வடிவங்கள். நான்கு மூலைகளிலும் அதே அமைப்பின் கால் கால் பகுதி. நான்கு மூலைகளையும் வெட்டி ஒன்றாகச் சேர்த்தால் என்ன வரும் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். முழுப் பதக்கம் வரும் என்பதை வரைபடத் தாளில் மடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். சமச்சீர், பின்னம், ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்குவது என்று மூன்று பாடம் அதற்குள் இருக்கிறது. பதக்கத்தின் இரு முனைகளிலும் தொங்கும் விளக்குகள் ஒரே அளவில் இல்லை. ஏன் என்பதற்கு இன்றும் பல விளக்கங்கள். பிள்ளைகளிடம் கேளுங்கள், நமக்குத் தோன்றாத காரணத்தைச் சொல்வார்கள்.

இன்னொரு கணக்கு. அந்தக் கம்பளத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட முடிச்சுகள். ஒருவர் நாளைக்கு 8,000 முடிச்சு போடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டரைக் கோடியை 8,000ஆல் வகுத்தால் 3,125 நாட்கள். ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் எட்டரை ஆண்டு. அகலம் சுமார் 5.3 மீட்டர். ஒருவர் உட்கார அரை மீட்டர் வேண்டும் என்றால் பத்துப் பேர் உட்காரலாம். அப்போது ஓராண்டுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டதும் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அந்தப் பத்துப் பேர் பேரு என்ன?" என்றான். கம்பளத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை இல்லை. அவன்தான் அன்று வகுப்பில் முதன்முதலில் கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தவன்.

தாலீம்

இந்தக் கலை இந்தியாவில் வேரூன்றியதற்கு முகலாயர்கள் பெரிய காரணம். நாட்டை இழந்த ஹுமாயூன் பாரசீகத்தில் தாமாஸ்ப் மன்னரிடம் அடைக்கலம் புகுந்தவர். அவர் மகன் அக்பர் ஆக்ரா, ஃபதேபூர், லாகூர் ஆகிய இடங்களில் கம்பளப் பட்டறைகளை நிறுவினார். தெற்கே ஆந்திரத்தின் ஏலூரிலும் பாரசீக வழிவந்த கம்பள நெசவு நிலைத்தது.

காஷ்மீரில் ஒரு வியப்பான முறை உண்டு. அங்கே நெசவாளர்கள் படத்தைப் பார்த்து நெய்வதில்லை. எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதைக் குறிகளாகச் சீட்டில் எழுதி வைத்திருப்பார்கள். ஒருவர் அதை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு முடிச்சுப் போடுவார்கள். அந்தக் குறியீட்டுக்குப் பெயர் 'தாலீம்'. அது அரபுச் சொல். அதற்குக் கற்பித்தல் என்றுதான் பொருள். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்விக்கும் 'நயீ தாலீம்' என்றே பெயர். பி.எட். படித்தபோது நாம் எல்லோரும் தேர்வில் எழுதிய சொல். கைத்தொழிலின் வழியாக அறிவு வளர வேண்டும் என்பது அதன் அடிப்படை.

நம் ஆரணித் தறியிலும் ஒரு தாலீம் இருக்கிறது. ஜக்கார்டு பெட்டிக்கு மேலே கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகள்தான் அது. துளை இருந்தால் நூல் தூக்கும், இல்லையென்றால் தூக்காது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய அந்த முறையைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். பிற்காலக் கணினிகளுக்கும் துளை அட்டையில்தான் கட்டளை கொடுத்தார்கள். கணினி அறிவியலின் முதல் பாடத்தை நம் மாணவர்களில் பலர் வீட்டுக் கூரைக்குக் கீழேயே பார்த்து வளர்கிறார்கள். நாம்தான் அதைப் பாடம் என்று அவர்களிடம் சொல்வதில்லை.

சின்ன விரல் என்ற பொய்

இனிச் சொல்வது கசப்பானது. கம்பள உலகில் நீண்ட காலமாக ஒரு பேச்சு உண்டு. 'குழந்தைகளின் விரல் சிறியது, அதனால் நுண்ணிய முடிச்சு அவர்களுக்குத்தான் வரும்' என்பார்கள். 1990களில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்காக இந்தியக் கம்பளத் தொழிலை ஆராய்ந்தவர்கள் இதைச் சோதித்தார்கள். மிக நுண்ணிய முடிச்சுகள் பெரும்பாலும் பெரியவர்களுடைய வேலை என்று கண்டார்கள். விரலுக்காகக் குழந்தைகளை யாரும் தேடவில்லை. கூலி குறைவு, எதிர்த்துக் கேட்க மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

பாகிஸ்தானில் இக்பால் மசீஹ் என்ற சிறுவன் குடும்பக் கடனுக்காக நான்கு வயதில் கம்பளத் தறியில் உட்கார வைக்கப்பட்டான். பத்து வயதில் தப்பி வந்து, தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காகப் பேசினான். 1995 ஏப்ரல் 16 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது 12. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரத் தறிகளிலிருந்து குழந்தைகளை மீட்கப் போராடியவர் கைலாஷ் சத்யார்த்தி. குழந்தை உழைப்பு இல்லாத கம்பளங்களுக்கு 'ரக்மார்க்' என்ற முத்திரை 1994இல் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2014இல் மலாலாவுடன் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த முத்திரை வாங்குபவரிடம் சொன்னது இதைத்தான்: முன்பக்கத்தைப் பார்த்து மட்டும் விலை பேசாதீர்கள்.

நம் ஊர்த் தறி

கோர்வைப் பட்டுச் சேலை தெரியும் அல்லவா? உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும். அதை நெய்ய நெசவாளர் ஒருவர் போதாது. கரைக்கான நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். பழைய நாளில் அந்த இடத்தில் உட்கார்ந்தது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை.

சில ஆண்டுகளுக்கு முன் என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தை பிறந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் தந்தை தறியில் இருந்தார். "முகூர்த்தத்துக்குச் சேல குடுக்கணும் டீச்சர். கரை நாடாவ யாரு போடறது? ஆளு வெச்சா எனக்கு என்ன நிக்கும்?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. மகளைப் படிக்க வைக்க விருப்பமில்லாதவரும் இல்லை. அவர் கணக்கில் வரவு செலவு இடிக்கிறது, அவ்வளவுதான்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவலாம், அதுவும் படிப்பைப் பாதிக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதை அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு வந்திருந்தால் அவள் ஒரு வாரம் வந்திருப்பாள், பிறகு நின்றிருப்பாள்.

அதனால் இன்னொன்றும் கேட்டேன். "ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வந்து அட்டையைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பீர்களா?" கூச்சப்பட்டார். பிறகு பழைய அட்டைக் கட்டு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு அன்னத்தின் உருவம் எத்தனை அட்டையில் அடங்கும் என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் அவரை 'சார்' என்று அழைத்தார்கள். மகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த நெசவாளர் வீட்டு அம்மா ஒருவர் பேசி, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கரை நாடாவுக்கு ஏற்பாடு செய்தார். கூலி பேசி முடிக்க மூன்று வாரம் ஆனது.

எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. அந்தப் பெண் இன்று பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தம்பி ஆறாம் வகுப்பில் இருக்கிறான். தை, ஆவணி மாதங்களில் அவன் வருகைப் பதிவை நான் தனியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எது கல்வி, எது கட்டிப்போடுவது

இந்த இடத்தில் நமக்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. நெசவாளர் பிள்ளை நெசவாளராகத்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும் அது கல்வி ஆகாது.

அதே சமயம், தறியைப் பற்றிப் பேசினாலே குலக்கல்வி என்று பயந்து நாம் ஒதுங்கினால் வேறொரு தவறு நடக்கிறது. தன் தந்தைக்குத் தெரிந்தது எதுவும் அறிவு அல்ல என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. நான் கண்ட வழி எளிது. தறி வகுப்புக்கு வரட்டும், எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடமாக வரட்டும். பள்ளி நேரத்தில் பிள்ளை தறிக்குப் போக வேண்டாம். அதிகாரி மகனும் நெசவாளர் மகளும் ஒரே வரைபடத் தாளில் ஒரே அன்னத்தை வரைந்தால் அங்கே குலம் இல்லை, கணக்கு மட்டும்தான்.

நீங்கள் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். தொடக்கப் பள்ளியில் கோரைப்பாய், ஜமக்காளத் துண்டு, பழைய சேலைக் கரை ஆகியவற்றைக் கொண்டுவந்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாவையும் ஊடையையும் எண்ணச் சொல்லுங்கள். காகிதக் கீற்றுகளால் பின்னினாலே ஒன்றுவிட்டு ஒன்று என்ற ஒழுங்கு மூன்றாம் வகுப்புக்குப் புரிந்துவிடும். நடுநிலை வகுப்பில் கட்டத்தாளில் ஒரு பூவை வரைந்து, அதை எண்களாக மாற்றி, ஒருவர் படிக்க மற்றவர் நிறம் தீட்டட்டும். அதுவே தாலீம். சமூக அறிவியலில் பவானி ஜமக்காளத்தை எடுங்கள். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளமும் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டது. அப்படியும் விசைத்தறிச் சரக்கு ஏன் சந்தையைப் பிடித்தது என்று மாணவர்கள் விவாதிக்கட்டும். நெசவாளர் பெற்றோர் ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது வகுப்பில் ஆசிரியராக நிற்க வையுங்கள். அவருக்கு நாற்காலி போட்டுத் தேநீர் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முகூர்த்த மாதங்களில் வருகைப் பதிவேட்டைக் கூர்ந்து பாருங்கள்.

நம் பள்ளி விழாவுக்கு ஜமக்காளம் விரிக்கும்போது பிள்ளைகளிடம் அதன் ஓரத்தைப் புரட்டிக் காட்டுங்கள். யார் நெய்தார்கள், எத்தனை நாள் ஆனது, அவர்கள் வீட்டுப் பிள்ளை இன்று எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று கேட்கப் பழக்குங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு நம்முடையது.